குடிக்காத ஜோமோனுக்காக

இந்த அவையின் சுக்கான் பிடித்து நிற்கும் படகுப் பந்தயக் கழகத் தலைவர் வக்கச்சன் அச்சாயன் அவர்களே! துடுப்புப் போட்டுத் தோள் காய்த்த பெரியவர்களே! பந்தய நாளில் கரையில் நின்று தொண்டை கிழியக் கூவிய தாய்மார்களே! நாளை பயிற்சி முகாமுக்குக் கிளம்பும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும், முதல் துடுப்பு ஜோமோனின் மனைவி ஷைலம்மாவின் வணக்கம்!

குடிகாரன் என்று சொல்லி என் கணவரைக் கழகத்தை விட்டு நீக்குவதற்கு இன்னும் சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள். அதற்கு முன் என்னைக் கொஞ்சம் பேச விடுங்கள்.

முகாமில் ஒரு சொட்டு மது கூடாது என்பது நம் கரையின் நோன்பு. போன ஆண்டு முகாமில் என்ன நடந்தது? ஜோமோன் தள்ளாடினார். வாய் நாறியது. கேப்டன் ஔதக்குட்டிச் சேட்டன் சட்டையைப் பிடித்தார்.

"ஊதுடா!"

"பிள்ளைங்க மேல சத்தியம் சேட்டா, நான் தொடவே இல்ல."

"தொடாமலா இந்த நாத்தம்? உன் வயித்துக்குள்ள எவனாவது கள்ளுக்கடை தொறந்து வச்சிருக்கானா?"

எல்லாரும் சிரித்தீர்கள். பிறகு பந்தயப் படகு நிறுத்தும் வள்ளப்புரையில் அடைத்துப் பூட்டினீர்கள். போதை தெளியட்டும் என்று கஞ்சி கொடுத்தீர்கள், நேந்திரம்பழம் கொடுத்தீர்கள், வெல்லப் பாயசம் கொடுத்தீர்கள். தெளிந்ததா? இல்லையே! சாயங்காலம் எழுந்து நிற்கவே முடியவில்லை. கூரை ஓலையைப் பிரித்துப் புட்டியைத் தேடினீர்கள். கிடைத்தது என்ன? பல்லி முட்டை!

பூட்டிய கொட்டகைக்குள் சாராயம் எங்கிருந்து வந்தது, பெரியோர்களே?

அதே கேள்வியோடு அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் நஸீமா அவரை ஓர் அறையில் வைத்து, பக்கத்திலேயே ஒரு நர்ஸைக் காவலுக்கு உட்கார வைத்து, வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். ரத்தத்தைச் சோதித்தார். சாராயம் ஏறிக்கொண்டே போனது!

"சேச்சி, உங்க வீட்டுக்காரர் குடிக்கல. அவர் குடல்ல இருக்கிற கிருமி சாராயம் காய்ச்சுது" என்றார். நம் எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் உண்டாம், பெரும்பாலும் நல்லவைதானாம். இவருக்குள் ஒரு வகை மட்டும் மிதமிஞ்சிப் பெருகி, சோற்றையும் சர்க்கரையையும் சாராயமாக்குகிறது. அது குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கிவிட்டது. ஈரல் கொழுத்த எல்லாருக்கும் காரணம் இதுவல்ல, சிலருக்கு இப்படியும் ஆகிறது என்றார்.

என்ன சொன்னீர்கள், தோமாச்சன் சேட்டா? "காசில்லாம போதை"யா? சிரியுங்கள். காசுக்குப் பதில் அவர் ஈரலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மருந்து இருக்கிறது, உணவுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒழுங்காக வந்தால் ஈரல் தேறலாம், விட்டுவிட்டால் தழும்பேறிச் சுருங்கிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜோமோன் போவதை நிறுத்திவிட்டார்! ஏன்? ஆஸ்பத்திரிப் படகில் அவர் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். கைக்குட்டை மூக்குக்குப் போகிறது. கெஞ்சினேன், அழுதேன். "குடிகாரன்னு பேரெடுத்தாச்சு ஷைலே. ஈரலை மட்டும் காப்பாத்தி யாருக்குக் காட்டப் போறேன்?" என்கிறார்.

விடியும்போதெல்லாம் அவர் மூச்சை முகர்ந்து பார்க்கிறேன். வாடை அடித்தால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. பயமாக இருக்கிறது, தாய்மார்களே! இந்த மனிதர் என் கண்ணெதிரிலேயே போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது!

அவருக்கு வள்ளத்தில் இடம் கேட்டு நான் வரவில்லை. கோப்பை கேட்டு வரவில்லை. உங்கள் கை அவருக்கு எதிராக உயராமல் இருக்கட்டும், அது போதும் என்று நினைத்துத்தான் மேடை ஏறினேன். இப்போது தோன்றுகிறது, அது போதாது.

அதோ, படகுத்துறையில் நிற்கிறார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். நாளைக் காலைப் படகில் எப்படியாவது அவரை ஏற்றிவிடுவேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், அந்தப் படகில் அவர் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். ஆஸ்பத்திரி வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு அந்த இருக்கையில் உட்காரப் போகிறவருக்கு, அவர் யாராக இருந்தாலும், இப்போதே என் வணக்கம்.