பள்ளியில் தீர்ந்த வழக்கு

லோயருக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு மூட்டை நூல் வாங்கலாம், சேர். அதனால்தான் றஸாக் மச்சான்மேல் போட்ட சிறுகோரிக்கை வழக்கை நானே பேசினேன். மருதமுனையில் என் கடையில்தான் அவர் தன் தறிக்குக் கடனாக நூல் எடுத்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு என் பக்கம் வந்தது. அன்று வீட்டில் வட்டிலப்பம் செய்யச் சொன்னேன்.

தீர்ப்பு வேறு, காசு வேறு என்று பிறகுதான் விளங்கியது. பொருளைக் கைப்பற்றப் போன கோர்ட்டு ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தொழில் செய்கிற தறியைத் தொடக்கூடாதாம். வீடு மகன் றிம்சானின் பேரில். அவன் கட்டாரில் நல்ல சம்பளக்காரன். அவனிடம் வாங்கித் தரச் சொன்னால் றஸாக் மச்சான் சிரிப்பார்.

"என்ட கடன நான்தான் குடுப்பன். மகன்ட காசில கை வைக்கமாட்டன், பாத்துக்கங்க."

மானஸ்தன். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் எனக்கு நூல் தந்த கொழும்புக்காரன் கழுத்தில் கத்தி வைத்திருந்தான். கடை போனால் நாங்கள் நடுத்தெருவில்தான்.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பள்ளிவாசலில் மௌத்தானவருக்கு ஜனாஸாத் தொழுகை தொழுமுன் மகன் எழும்பி, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் சொல்லுங்கள், நான் பொறுப்பு என்பான். சபையில் வைத்து மறுத்த மகனை நான் கண்டதில்லை. றிம்சானோ பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தான். மச்சானுக்கு நெஞ்சு வருத்தம் என்பதும் தெரியும். தவணை கேட்கும் சாட்டில் தினமும் போனேன்.

அன்று பகல் லுஹர் தொழுதுவிட்டுப் போனேன். வீட்டார் கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். மச்சான் தறியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"சட்டைக்குள்ள குளிச இருக்கு. கெதியா எடுங்க மச்சான்."

மாத்திரைக் குப்பியை எடுத்தேன். என் பொக்கற்றில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையை இறுகப் பிடித்தார். எனக்கும் அழுகை வந்தது, சேர், பொய் சொல்லவில்லை. உயிர் பிரியுமுன் சொல்லவேண்டிய கலிமாவைச் சொல்லிக் கொடுத்தேன், அவரும் சொல்லிக் கண்ணை மூடினார். அப்படி ஒரு மௌத் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மறுநாள் பள்ளிவாசலில் றிம்சான் அழுதபடி கேட்டான். கையை உயர்த்தினேன். முழுவதையும் தந்தான். வாப்பாவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டிப்பிடித்தான். பொறுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிசைக் குப்பியை என் சட்டையில் கண்டு உங்களிடம் கொண்டுவந்தவள் என் பெண்சாதி ஸப்னா. அவளுக்கு இந்த விஷயம் விளங்காது. ஓம், கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: மச்சானை நான் கடனாளியாகக் கபுறுக் குழிக்கு அனுப்பவில்லை.