கரைக்குள் ஐஸ்கிரீம் பசை

"...ஐஸ்கிரீம்ல போடுற அதே பசைதான்க்கா, அதைத்தான் கசிவை அடைக்க எங்க குளத்துக் கரைக்குள்ள இன்ஜினியர்மாரு ஊசி மாதிரி ஏத்தியிருக்காவ!"

வித்துரா ஊரிலிருந்து நகரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு. சொன்ன இளையவளின் வீடு அந்தக் கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில்.

"திங்கிற சாமானா? எறும்பு விட்டுவைக்குமா ஏட்டி?"

"சிமென்டு மண்ணைக் கெடுக்குமாம். இது பிசின் மாதிரி உள்ளுக்குள்ள நின்னு தண்ணிய மறிக்குமாம்."

"பின்னே, கசிவு நின்னுச்சா?"

"நின்னுட்டு. அதான்க்கா பயம். கசிஞ்சப்போ தண்ணி எங்க போகுதுன்னு கண்ணால பார்த்தோம். இப்போ இந்த மழைத்தண்ணி எல்லாம் எங்க நிக்கி?"

"உன் மாப்பிள்ளைகிட்ட பார்க்கச் சொல்லு."

"நைட் டூட்டி முடிச்சு வீட்டுல தூங்குதாரு. போன் எடுக்கல்ல."

"அவன் தூங்கினா வெள்ளமே வந்தாலும் எந்திரிக்க மாட்டானே!" என்று சிரித்தாள் மூத்தவள்.

இளையவள் சிரிக்கவில்லை. "சேட்டா, ஆளெறங்கணும்!" என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள். இறங்கியவள் குடையைக்கூட விரிக்காமல் ரோட்டைக் கடந்து, எதிரே வந்த வித்துரா பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.