மாயக்காள் தட்டின கல்

எந்த ராசா காலம் என்று கேட்காதீர்கள், அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கருங்குன்றுக்குக் கிழக்கே ஓடைப்பூண்டி என்றொரு ஊர். அங்கே சிவன் கோயிலுக்கு முன்மண்டபம் எழும்பிக்கொண்டிருந்ததாம்.

அப்போதெல்லாம் தூணை நட்டு, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பி, அந்த மண்மேல் இழுத்துத்தான் உத்திரக்கல்லை ஏற்றுவார்கள். கூரை மூடினதும் மண்ணை அள்ளிவிட்டால் மண்டபம் நிற்கும். மண்ணைக் கொட்டினவள் மாயக்காள். அள்ள வந்தவளும் அவளேதானாம். கூட அவள் புருசன், தங்கச்சி, இன்னும் இருபது பேர்.

மேல்மண்ணைக் குனிந்து வெட்டும்போது மண்வெட்டிக் காம்பு நடு உத்திரத்தில் இடித்தது. தொக். பக்கத்து உத்திரத்தைத் தட்டினாள். ணங். திரும்பவும் நடுவில் தட்டினாள். தொக்.

"அய்யா, இந்தக் கல்லு பேசல."

கீழே நின்ற பெரிய ஸ்தபதி உலகாசாரிக்கு முகம் கறுத்தது. "மஞ்சள் பூசின கல்லையா தட்டின?"

மலையில் வெட்டும்போதே கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் ஒலித்தால் மஞ்சள் பூசுவார்கள். பூசிவிட்டால் அது சாமி கல். அப்புறம் தட்டினால் தெய்வக் குத்தம். அப்படியொரு வழக்கம்.

"மலையில பேசிச்சுங்க. ஏத்துறப்ப வடம் அறுந்து விழுந்துச்சே, அதுக்கப்புறம் யாரு தட்டினா?"

"கல்லு பாக்குறது எங்க தொழில். உனக்குக் கூடை."

"கூடைக்காரங்க தலைமேலதானுங்க அந்தக் கல்லு நிக்குது."

யாரோ சிரித்தார்களாம். புருசன் சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு இறங்கு புள்ள."

அவள் அந்த உத்திரத்துக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மண்ண அள்ளுறதுன்னா என்னையும் சேத்து அள்ளுங்க."

ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கீழே வைத்தார்கள்.

"பொய்யா இருந்தா ஊர விட்டே போகணும்" என்றார் உலகாசாரி.

"போறேன். நீங்களும் ஒரு தரம் தட்டுங்க."

அவர் மண்மேல் தவழ்ந்து வந்தார். கையைத் தூக்கினார். மஞ்சளைக் கண்டதும் கை இறங்கியது. மறுபடி தூக்கினார். விரல் முட்டியால் ஒரு தட்டு. காதை வைத்தார். இன்னொரு தட்டு. குப்பென்று வேர்த்துவிட்டதாம்.

"இதுக்கு முட்டுக் கொடுக்கணும். நடுவுல ஒரு ஆள் இறங்குற குழி மட்டும் வேணும்" என்றார். "யாரு இறங்குறது?"

மாயக்காள்தான் இறங்கினாள். தோண்டத் தோண்டப் பிடரியில் கல்தூள் உதிர்ந்தது. அவர் துண்டுக்கல்லாக இறக்க, அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, தூண் ஏறி ஏறி உத்திரத்தைத் தொட்டது. அப்புறம்தான் மற்ற மண்ணை அள்ளினார்கள். பாதி அள்ளும்போது படீரென்றது. உத்திரம் இரண்டாகப் பிளந்து அந்தத் தூண்மேல் உட்கார்ந்தது. அடியில் இருபத்துமூன்று பேர். ஒருத்தர் மேலும் கீறல் இல்லையாம்.

காலை ஆறு மணிக்கு நடை திறக்கும். போனால் பாருங்கள், சாமியை நேராகப் பார்க்கவிடாமல் நடுவில் ஒரு மொட்டைத் தூண் நிற்கும். சிற்பம் கிடையாது, வெறும் துண்டுக்கல் அடுக்கு. கட்டினவர்களின் கணக்குப் பிசகு என்று யாராவது விளக்கம் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், மேலே இருக்கிற பிளவைக் காட்டுங்கள். விளக்குக்கு நெய் கொடுத்தவர் பேர்கூடச் சுவரில் வெட்டியிருக்கிறது. மாயக்காள் பேர் இல்லை.

ஆனால் ஓடைப்பூண்டிக்காரர்கள் கும்பிடுமுன் அந்தத் தூணை இரண்டு தரம் தட்டுவார்கள். மஞ்சள் பூசின தூண்தான், குருக்களும் தட்டுவார். தட்டிவிட்டு, பதில் வருகிறதா என்று காதுகொடுத்து நிற்பார்கள்.