சிவப்புப் பொட்டு நேராத்தான் இருக்கு

...இல்ல டீச்சர், கோவிச்சுக்காதீங்க, துப்பாக்கில ஒரு குறையும் கெடையாது. மறுபடியும் சொல்றேன். பதினெட்டு வருஷமா இந்தக் கிளப்புக்கு நாந்தான் துப்பாக்கி மெக்கானிக். வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். குறி தப்புனா துப்பாக்கி சரியில்ல. குறி விழுந்தா மட்டும் அவங்க கைத்திறம. அப்ப யாரும் எனக்கு மால போட்டதில்ல.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், எண்ணெய். இதுல உக்காருங்க. அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடுதுன்னு எனக்கும் தெரியும். டீம்லேர்ந்து உங்க பேர அடிக்கப் போறாங்கன்னும் தெரியும். நான் என்ன பண்ண? ரிப்போர்ட் கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். "துப்பாக்கி நல்ல நெலமையில் உள்ளது. சுடறவங்க தோளோட இறுக்கிப் பிடிக்கறதில்ல." நாலே வரி. அதுல நாலாவது வரி என் கையெழுத்து.

என்ன பாக்கறீங்க? ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்து விட வேண்டியிருக்கு, அதுல குறியும் தப்புது, அதானே? அடுத்த தோட்டா தானா ஏறணும், ஏறல. சரி, ஏன் ஏறலன்னு கேட்டிருக்கீங்களா? யாரும் கேக்க மாட்டாங்க. விசைய அழுத்தறதோட அவங்க வேல முடிஞ்சுது. உள்ள என்ன பாடு படுதுன்னு எவனுக்குக் கவல. எங்க வீட்லயும் அப்படித்தான், தட்டுல சோறு வந்து விழுந்தா போதும்னு என்னையச் சொல்லுவா. அது கெடக்கட்டும்.

கழட்டறேன், பாருங்க. தோட்டாக்குள்ள மருந்து எரியுது. எரிஞ்சா என்ன ஆகும்? கேஸ். அந்த கேஸ்தான் குண்டப் பின்னாலேர்ந்து தள்ளிக்கிட்டு இந்தக் குழாய்ல ஓடுது. குண்டு வாசலுக்குப் போறதுக்குள்ள, நடுவுல இங்க ஒரு சின்ன ஓட்ட இருக்கு. ஊசி ஓட்டன்னு வச்சுக்குங்களேன். அந்த ஓட்ட வழியா கொஞ்சூண்டு கேஸ் மேல ஏறி, இந்த இரும்புக் கட்டைக்குள்ள வருது. கேஸ் பிளாக்கும்பாங்க. உள்ள பிஸ்டன். கேஸ் வந்து அத ஒரு குத்து குத்துனா, அது போய்ப் பின்னால, தோட்டா அறைய அடைச்சு நிக்கற போல்ட்ட இடிக்குது. போல்ட் பின்வாங்கறப்ப காலித் தோட்டாவ வெளிய வீசுது, ஸ்பிரிங்க அமுக்குது. ஸ்பிரிங் சும்மா இருக்குமா? போல்ட்டத் திருப்பித் தள்ளுது. வர்ற வழியில அது புதுத் தோட்டாவ இழுத்துட்டு வந்து அறையில வைக்குது. இவ்வளவும் நீங்க கண்ணச் சிமிட்டறதுக்குள்ள. சம்பளம் கேக்காத வேலக்காரன்.

இன்னொரு ரகம் இருக்கு. அதுல பிஸ்டனே கெடையாது, கேஸ் குழாய் வழியா நேரா போல்ட்டுக்கே வந்துரும். எட கம்மி, ஆட்டம் கம்மி, எல்லாம் சரி. ஆனா கரியெல்லாம் உள்ளதான் வந்து படியும். என் மச்சினன் மாதிரி, உக்காந்து சாப்பிட்ட எடத்துலயே எல்லாத்தையும் போட்டுட்டுப் போற ரகம். மாசத்துல பாதி நாள் அதத் தொடச்சே என் முதுகு போச்சு.

உங்களோடது பிஸ்டன். அதனால கரின்னு சாக்கு சொல்ல முடியாது. தோட்டாவும் நல்ல பெட்டிதான், நானே எடுத்துக் குடுத்தேன். பிளாக் நகந்திருக்குமோன்னு கேப்பீங்க. கேக்கலியா? கேக்காட்டியும் சொல்றேன். பிளாக்குல ஒரு சிவப்புப் பொட்டு, குழாய்ல ஒரு சிவப்புப் பொட்டு. தெரியுதா? இது என் பழக்கம், வேற எவனும் வைக்க மாட்டான். ரெண்டு பொட்டும் ஒரே கோட்டுல நின்னா, மேல ஓட்டையும் கீழ ஓட்டையும் நேரா இருக்குன்னு அர்த்தம். நிக்குதா? நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. போன மாசம் நான் கழட்டி மாட்டுனது, அப்படியே இருக்கு. அப்ப குத்தம் யார் மேல? தோள்ல இறுக்கிப் பிடிக்காட்டி துப்பாக்கியே பின்னால நகந்துரும், போல்ட் முழுசா ஓடாது, நான் சொன்னா வருத்தப்படுவீங்க.

ஸ்க்ரூவ எடுத்துட்டேன். பிளாக்க உருவறேன்... பாருங்க, அடியில எவ்வளவு சுத்தமா...

ம்.

ஒண்ணுமில்ல. இருங்க. அந்த வெளக்கக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க.

இந்தக் கரி பாத்தீங்களா, ஓட்டையச் சுத்தி வட்டமாப் படியணும். இது பிறை நிலா மாதிரி ஒரு ஓரமாப் படிஞ்சிருக்கு. அதாவது... முக்கால்வாசி ஓட்ட மூடியிருக்கு. கேஸ் மேல ஏறவே வழியில்ல. கேஸ் ஏறலன்னா பிஸ்டனுக்கு என்ன தெரியும் பாவம், அது பாட்டுக்குத் தூங்கும். போல்ட்டும் நகராது. நீங்க தோள இரும்பா வச்சிருந்தாலும் நகராது.

ஆனா பொட்டு நேரா நிக்குதே? எப்படி...

போன மாசம். கழட்டறதுக்கு முன்னாடி பொட்டு வைக்கணும். அதான் மொற. அன்னிக்கு எம் பொண்டாட்டி போன்ல, தண்ணிக் குழாய் ஒடஞ்சுருச்சு, வீடெல்லாம் தண்ணின்னு கத்துறா. போன ஒரு தோள்ல இடுக்கிக்கிட்டே கழட்டுனேன். தொடச்சேன். மாட்டுனேன். அப்புறம்... பொட்டு வைக்கலியேன்னு ஞாபகம் வந்து... மாட்டுன பெறகு வச்சிருக்கேன். மாட்டுன பெறகு வச்சா, கோணலா இருந்தாலும் நேராத்தானே நிக்கும். நான் வச்ச பொட்ட நானே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கேன்.

ஏன் டீச்சர், நீங்க சிரிக்கக்கூட இல்ல. உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் பேச விட்டீங்க? ஆமா, சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். அதுவும் வாஸ்தவம். வகுப்புலயும் இப்படித்தானா? கணக்கத் தப்பாப் போட்டவன் போர்டு முன்னாடி நின்னு, தானாத் தலையச் சொறியற வரைக்கும் கைகட்டிப் பாத்துட்டிருப்பீங்களா?

இது என்ன, பைலேர்ந்து... என் ரிப்போர்ட்டா? நகல் எடுத்துட்டே வந்துட்டீங்க. பேனா என்கிட்டயே இருக்கு... ஓ, சிவப்புப் பேனாவேதான் வேணுமா. குடுங்க.

மணி நாலே முக்கால். அடிச்சுட்டேன். "சுடறவங்க தோளோட" வரி போச்சு. "மெக்கானிக் பிளாக்கக் கோணலா மாட்டுனதே காரணம்." போதுமா? மெக்கானிக்னு மட்டும் போட்டா போதாதா, பேரும் எழுதணுமா?

...பேரும். சரி.