இடம் இருப்பதாகச் சொன்ன வரி

நீங்கள் குடிக்கக் கொடுத்த தே நன்றாக இருந்தது, சார். சீனிதான் கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

என் பெயர் தங்கராஜு. தனியாக வசிக்கும் நோயாளிகளின் வீட்டில் அவசரக் கயிறு மாட்டித் தரும் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். விழுந்தவர் கயிற்றை இழுத்தால், அழைப்பு முதலில் எங்கள் கணினியின் வட்டில் பதிவாகும். பதிவான பிறகுதான் உதவியாளரின் கைப்பேசிக்குப் போகும். வட்டு நிரம்பிவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

அதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துச் சொல்ல, சி மொழியில் சின்ன நிரல் ஒன்றை இம்ரான் எழுதினான். என்னைவிட இளையவன், எனக்கு மேலாளன். statvfs என்று கேட்டால் கணினி இரண்டு எண்களைத் தரும். ஒன்று bfree, மொத்தக் காலி இடம். மற்றது bavail, சாதாரண நிரல்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம். நிர்வாகிக்கென்று கொஞ்சம் ஒதுக்கியிருப்பதால் இரண்டும் ஒன்றல்ல. இம்ரான் முதல் எண்ணை எடுத்திருந்தான். எங்களுக்குத் துளி இடம் இல்லாதபோதும், இடம் இருக்கிறதென்று திரை பச்சையாகவே இருக்கும்.

கூட்டத்தில் சொன்னேன். "bfree இல்ல இம்ரான், bavail எடுக்கணும்."

"அண்ணே, டெஸ்ட் பண்ணியாச்சு லா. உங்களுக்கு எதுலதான் குறை இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுபடி சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்வது என் வழக்கமில்லை. நிரம்பும்போது தானே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை உண்டு. ஆனால் இம்ரானுக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் என்று காதில் விழுந்தது. அவன் போன பிறகு நிரம்பி என்ன பயன்? ஆகவே, தேவையில்லாத விவரங்களையும் வட்டில் எழுதி வைக்கும்படி அமைப்பை மாற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வட்டு நிரம்பியது. திரை பச்சை. மனதுக்கு நிறைவாக இருந்தது. என் மனைவி அன்னம்மாவையும் கூட்டிக்கொண்டு ஃபேரர் பார்க்கில் சாப்பிடப் போனேன். சனி, ஞாயிறு முழுக்க ஒரு அழைப்பும் வரவில்லை. நல்ல நாள் என்று உதவியாளர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அழகப்பனை எனக்குத் தெரியும், சார். ஜூரோங்கில் கப்பல் பட்டறை வெல்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வட்டு நிரம்புவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, சுவா சூ காங்கில் அவர் வீட்டுக் கயிற்றைச் சோதிக்க நான்தான் போயிருந்தேன்.

"தம்பி, இத இழுத்தா நெசமாவே ஆள் வருவாங்களா?"

"கண்டிப்பா வருவாங்க அண்ணே."

அன்றைக்கு வந்திருப்பார்கள். நான் பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை குளியலறையில் விழுந்திருக்கிறார். திங்களன்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கதவை உடைத்தபோது, கயிறு அவர் கையில் சுற்றியிருந்ததாம். பல தடவை இழுத்திருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இருக்கலாம். வலுவான கை.

தகனத்தன்று இம்ரான் என் தோளில் சாய்ந்து அழுதான். "ஸ்கிரீன் பச்சையாத்தானே இருந்துச்சு அண்ணே, எங்க தப்பு பண்ணேன்னே தெரியல." அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி முஸ்கான் சொன்னாள். எனக்கும் வருத்தம்தான்.

வட்டை நிரப்பியது நான். நிரம்பியது தெரிந்தும் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை, சார். ஒரே ஒரு வரியைத் திருத்தச் சொன்னேன். அது தவறென்று இம்ரான் இன்னும் என்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை.