நீலக் கோடு

பான்கேக் மாவை அதிகம் கலக்கக் கூடாது. கட்டி கட்டியாக விட்டுவிட்டால்தான் மிருதுவாக வரும். எங்கள் ஐடஹோ ஊரின் சிறு விமானத் திடலில் மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் காலை விருந்துக்கு மாவு கரைப்பது எப்போதும் நான்தான். அன்றும் கரைத்தேன். அதனால் இந்த ஆர்லீன் விமானக் கொட்டகைப் பக்கமே போகவில்லை என்று எல்லாரும் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மாவு கொஞ்ச நேரம் ஊற வேண்டும். அந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

என் கணவர் டெல்மர் அந்த விமானத்தை எட்டு வருடம் கட்டினார். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை நாங்கள் இருவரும்தான் பூட்டினோம். இறக்கைக்குள் நுழையும் கை உனக்குத்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் எங்களுக்கு மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை.

பிறகு மாரிட் வந்தாள். கணவனை இழந்தவள், அலாஸ்காவில் பனியிலும் சரளையிலும் விமானம் இறக்கியவள். அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவள், எங்கள் விமானத்தின் வால் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அதைத் திருப்புவதற்குச் சங்கிலியும் சுருள்வில்லும் வைத்திருந்தோம்.

"இது என்ன டெல்மர், விமானமா, உன் பேத்தியோட மூணு சக்கர சைக்கிளா?"

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சங்கிலி தொளதொளவென்று ஆடுகிறதே என்று முந்தைய வருடம் நான் சொன்னபோது, "நீ போய் மாவைப் பாரு" என்றிருந்தார். இப்போது சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு, அவள் சொன்னபடி ஒற்றைத் தண்டு மாட்டினார்கள். மாலைதோறும் வாலுக்கு அடியில் இருவரும் தோளோடு தோள் படுத்து வேலை செய்தார்கள். நான் காபி கொண்டுபோவேன். "வச்சிட்டுப் போ" என்பார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்கியவர், நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே தன் வண்ணத்தில் மெல்லிய கோடு போடுவார். கோடு முறியாமல் இருந்தால் நட்டு அசையவில்லை என்று பொருள். ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் சோதிக்க மாட்டார். அது அவரைப் பொய்யர் என்பதற்குச் சமம். டெல்மருக்கு ஆரஞ்சு. எனக்கு வெள்ளை. மாரிட்டுக்கு நீலம். தண்டைப் பிடித்திருந்த நட்டில் இருந்தது நீலம்.

அந்தச் சனிக்கிழமை புது விமானத்தை முதலில் அவள்தான் ஓட்டுவதாக இருந்தது. மாவு ஊறும் நேரத்தில் கொட்டகைக்குப் போய், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் கோட்டைத் துடைத்தேன். நட்டைக் கடைசி மரை வரை தளர்த்தினேன். மறுபடி நீலக் கோடு போட்டேன். இறங்கும்போது விமானம் புல்லில் ஒரு சுற்றுச் சுற்றும், கையில் தட்டோடு ஊரே சிரிக்கும் என்று நினைத்தேன். அவமானத்தால் யாரும் சாவதில்லை.

ஆனால் விமானத்தின் பக்கத்தில் போய் நின்றதும் மாரிட் டெல்மரிடம் சொன்னாள்: "எட்டு வருஷம் காத்திருந்த. நீயே ஏறு. நான் கீழ நின்னு பாத்துக்கறேன்."

நான் கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன். சொல்லவும் வாயெடுத்தேன். அவர் அவளைக் கட்டியணைத்தார். எனக்குக் கையை மட்டும் ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.

இறங்கும்போது தண்டு கழன்றது. வால் சுழன்று முன்னால் வர, விமானம் பாசனக் கால்வாயில் கவிழ்ந்தது. அவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ஊட்டுவதும் துடைப்பதும் நான்தான். எங்கள் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததே இல்லை.

நீலம் ஒட்டிய நட்டு புல்லில் கிடைத்தது. மாரிட் வாதாடவில்லை. "நான்தான் சரியா இறுக்கல போல" என்று என் தோளில் அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அது அப்படியே இருந்திருக்கலாம்.

போன ஞாயிறு அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். அவர் மெல்லச் சொன்னார்: "விடு மாரிட். கை தவறுறது யாருக்கும் நடக்கும். உன்மேல எனக்குத் துளி கோவம் இல்ல."

அவள் அவருடைய உணர்வற்ற கைமேல் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வையை வாசலில் நின்று பார்த்தேன்.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தளர்த்தியது நான், கோடு போட்டது நான், வாய் மூடி நின்றதும் நான். அந்த மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியது. அதையும் அவள் எடுத்துக்கொண்டு போக விட முடியாது.

உள்ளே வாருங்கள், அவர் விழித்துத்தான் இருக்கிறார். நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். என்னையும் அவர் அப்படிப் பார்ப்பார்.