பாதியில் நின்ற சவரம்

என் பெயர் கிளிஃபர்ட் ஆக்ஸ்லி. வயது எழுபத்தெட்டு. ஷெஃபீல்டு, வாக்லி பகுதி, ஃபெர்ன் தெரு, 31ஆம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். விருப்பமில்லாவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று, காவல் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தை எழுதும் காவலர் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய மடக்குச் சவரக்கத்திகளை மலிவாக வாங்கிச் சீர்செய்வது என் வழக்கம். யாரும் கற்றுத்தரவில்லை; பல கத்திகளைக் கெடுத்துக் கற்றேன். ஞாயிறுதோறும் மைதானத்தில் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அங்கே துருப்பிடித்ததாகப் பார்த்து எடுப்பேன். விளிம்பில் கீறல் இருந்தால் தொடமாட்டேன். விலையுயர்ந்த தீட்டுக்கல் என்னிடம் இல்லை. குளியலறைச் சுவரில் பதிக்கும் வழவழப்பான ஓடு ஒன்றின் மேல் உப்புத்தாளை நனைத்து ஒட்டி அதில் தீட்டுவேன். அதன் பிறகு பழைய இடுப்புவாரில் இழுத்து, முன்கை முடியில் கூர் பார்ப்பேன். என் இடது முன்கையில் முடி கிடையாது.

டெரிக் ஹேபர்ஷன் என் அடுத்த வீட்டுக்காரர். சனிக்கிழமைகளில் என் சமையலறையில் அவருக்கு நான் சவரம் செய்வது உண்டு. "டேய் கிளிஃப், பதமா இழுடா. என்னை அறுத்துப்புட்டா உன் மூஞ்சியப் பாக்க வேற எவன் வருவான்?" என்பார். "அறுத்தா உன் வாயைத்தான்டா முதல்ல அறுப்பேன்" என்பேன். இதையும் எழுத வேண்டுமா என்று காவலர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு டெரிக்குக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய், முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே மின்சார மழிப்பானை வைத்துத் தேய்க்கிறார்கள். அவர் கழுத்து உரித்த கோழி போலச் சிவந்திருந்தது. நானே செய்துவிடுகிறேன் என்று மேலாளர் பிரிட்சர்டிடம் கேட்டேன். "கத்தியா? அதெல்லாம் இங்க ஆகாது, பெரியவரே" என்றார். மறுபடி கேட்கவில்லை.

இப்போது காவலரின் மேசைமேல் இருக்கும் இந்தக் கத்தியைக் கடந்த ஞாயிறு இரண்டு பவுண்டுக்கு வாங்கினேன். துரு முதுகில்தான், விளிம்பு சுத்தம். உடைந்த பிடியை எடுத்துவிட்டு மரப்பிடி பொருத்தினேன். புதன்கிழமை கூர் வந்தது. அன்று காலையே நான் மழித்திருந்தேன். வீட்டில் வேறு முகம் இல்லை.

வியாழன் பிற்பகல் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கத்தியை வைத்து இல்லத்துக்கு எடுத்துப் போனேன். டெரிக்கின் முகத்தில் வெந்நீர்த் துணி போட்டு, நுரை பூசி, அதன் பிறகு கத்தியைத் திறந்து அவருக்குக் காட்டினேன். அவர் தாமாகவே தாடையை உயர்த்தினார். வேண்டாதவன் தாடையை உயர்த்த மாட்டான். வலது கன்னம் முடிந்த நேரத்தில், தேநீர் கொண்டுவந்த பணிப்பெண் ஜனீன், "ஐயோ, யாராவது வாங்களேன்! கழுத்துல கத்தி வச்சிருக்காரு!" என்று அலறினார். என் கை அசையவில்லை. கத்தியை மடித்த பிறகே திரும்பினேன். டெரிக்மேல் ஒரு கீறலும் இல்லை. ஒரு பக்கம் நுரையோடு அவரை அப்படியே விட்டு என்னை வெளியே கூட்டிப்போனார்கள்.

டெரிக்குக்கு ஆபத்து விளைவித்தேன் என்று எழுதி மன்னிப்புக் கேட்டால் அவரை வந்து பார்க்கலாம், இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்தப்படுவேன் என்று மேலாளர் சொல்லியனுப்பியிருக்கிறார். "ரெண்டு வரிதானே தாத்தா, எழுதிக் குடுத்துட்டுப் போய்ப் பாருங்களேன்" என்றார் காவலர். இனிக் கத்தி கொண்டுபோக மாட்டேன் என்று எழுதித் தருகிறேன். கத்தியையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆபத்து விளைவித்தேன் என்று மட்டும் எழுத மாட்டேன். டெரிக்குக்குப் பேச்சுதான் போயிற்று. வாசிக்கத் தெரியும்.

ஆகவே என்னை உள்ளே விடப்போவதில்லை. இல்லத்தாருக்குத் தெரிவிக்க வேண்டியது: அவருடைய இடது கன்னம் இன்னும் மழிக்கப்படவில்லை. எதை வைத்துச் செய்தாலும் முதலில் வெந்நீர்த் துணி போட வேண்டும். இடது தாடைக்குக் கீழே அவருக்கு முடி மேல்நோக்கி வளரும். அங்கே கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டும். பதில் வராது. இருந்தாலும் பேச வேண்டும்.

மேலே கண்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. "ஆயுதம்" என்றிருந்த இடத்தை அடித்துச் "சவரக்கத்தி" என்று எழுதச் செய்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
கி. ஆக்ஸ்லி